பளிச்சென்று இருக்கிறதாம்

ஜூன் 4, செவ்வாய்

மச்சானுக்கு,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் நாம் இருவரும் இல்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் உங்கள் வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இனிமே நான் உங்ககிட்ட பேசினா என்னன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே இந்தக் கடிதத்தால் என் வார்த்தை ஒன்றும் கெட்டுவிடாது.

எனக்கு ஒரு விவரம் தேவைப்படுகிறது. நீங்கள் கம்ப்யூட்டர் விற்கிறீர்கள், பழுது பார்க்கிறீர்கள், நாள் முழுக்க திரைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இதைக் கேட்க உங்களை விட்டால் எனக்கு வேறு ஆள் தெரியாது.

நீங்கள் அனுப்பிய கம்ப்யூட்டரைக் கூடத்து டிவியில் மாட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேரும் படம் பார்க்கிறோம். அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இந்த ஒரு வரியை மட்டும் நீங்கள் தயவுசெய்து நம்ப வேண்டும்.

என் கேள்வி இதுதான். ஒரு நல்ல கம்ப்யூட்டரில், ஒரு நல்ல டிவியில், ஹெச்டி படம் ஓடும்போது, சரியான கண் உள்ள ஓர் ஆள் சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் என்னென்ன தெரிய வேண்டும்? தலைமுடி தனித்தனியாகத் தெரியுமா, அல்லது மொத்தமாகக் கருப்பாகத்தான் தெரியுமா? கூட்டத்தில் பின்வரிசையில் நிற்பவர்களுக்கு முகம் இருக்குமா? ஒருவன் ஓடினால் அவன் கால்கள் கால்களாகவே இருக்குமா, இழுத்துத் தேய்த்தது போல ஆகுமா? திரையின் அடியில் வரும் எழுத்துகளுக்கு ஓரம் கூர்மையாக இருக்குமா?

பதிலை மேலே எழுதியுள்ள துறைமுக அலுவலக முகவரிக்கே போடுங்கள். வீட்டுக்குப் போட வேண்டாம், போனும் வேண்டாம். போன் அடித்தாலே உங்கள் தங்கை, "யாரு, அண்ணனா?" என்று ஈரக் கையோடு வந்து நின்றுவிடுவாள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்


ஜூன் 8, சனி

மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. குறை சொல்ல எழுதவில்லை என்று ஒரு வரியைப் போட்டுவிட்டு, அதற்குக் கீழே பத்து வரிக்குக் குறை சொல்ல உங்களால்தான் முடியும். முடி தெரியுமா, முகம் தெரியுமா, கால் தெரியுமா! சுற்றி வளைக்காமல், "நீ கொடுத்தது ஓட்டை டப்பா" என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் தபால்காரருக்காவது பாரம் குறைந்திருக்கும்.

நான் ஒன்று கேட்கிறேன். டிவி வாங்கும்போது இந்த மச்சான் ஞாபகம் ஏன் வரவில்லை? இந்த ஊரில் பாதிப் பேர் வீட்டில் ஓடுவது என் கடையில் வாங்கியது. என் சொந்தத் தங்கை வீட்டில் ஓடுவது எவனோ விற்ற டிவி. அதை என் மனைவி சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கேட்டால், "ஆஃபர் போட்டிருந்தான்" என்றீர்கள். சரி, டிவிதான் இல்லை, அதில் மாட்ட ஒரு கம்ப்யூட்டராவது என் கையிலிருந்து போகட்டும் என்று ஆசையாக அனுப்பினேன். அதற்கு நீங்கள், "என்ன, எனக்கு வாங்க வக்கில்லன்னு காட்டறீங்களா?" என்று வாசலில் நின்று கத்தினீர்கள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கேட்டுவிட்டீர்கள், தொழில் தர்மத்துக்குப் பதில் சொல்கிறேன். ஆமாம், எல்லாம் தெரிய வேண்டும். முடி தனித்தனியாகத் தெரிய வேண்டும். வில்லன் எத்தனை நாளாகச் சவரம் செய்யவில்லை என்று சொல்ல முடிய வேண்டும். பின்வரிசையில் நிற்பவன் கொட்டாவி விட்டால் அதுவும் தெரிய வேண்டும். ஓடுகிறவன் கால் கால்தான், தேய்க்கவெல்லாம் தேய்க்காது. எழுத்து கத்தியால் நறுக்கியது போல இருக்க வேண்டும்.

நான் அனுப்பியதில் அப்படித்தான் இருக்கிறது. என் தங்கை வாராவாரம் போனில் சொல்கிறாள்: "அண்ணா, படம் கண்ணாடி மாதிரி இருக்குண்ணா. பளிச்சுன்னு இருக்கு." என் மருமகளும் பக்கத்திலிருந்து, "ஆமா மாமா, சூப்பர்" என்கிறாள். இரண்டு பேருக்கும் பளிச்சென்று தெரிவது உங்கள் ஒருவருக்கு மட்டும் தெரியவில்லை என்றால், கோளாறு என் கம்ப்யூட்டரில் இல்லை மாப்பிள்ளை. பார்க்கிறவர் கண்ணில்தான் இருக்கிறது.

உங்கள் மனைவியின் அண்ணன்


ஜூன் 12, புதன்

அன்புள்ள மச்சான்,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். மாலையிலும் படித்தேன். கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நான் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் அதுதான். கோளாறு என் கண்ணில் இருக்கிறது. அதை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் எழுதினேன். நன்றி.

இதை யாரிடமாவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது. சண்டை போட்ட ஆளிடம் சொல்வது ஒரு வகையில் சுலபமாகவும் இருக்கிறது.

கம்ப்யூட்டர் வந்த புதிதில் நாங்கள் பார்த்த முதல் படத்திலேயே எனக்கு எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. முகங்கள் மாவு பூசியது போல இருந்தன. யாராவது ஓடினால் பின்னாலேயே ஒரு நிழல் ஓடியது. "படம் கொஞ்சம் மங்கலா இல்ல?" என்று கேட்டேன். உங்கள் தங்கைக்கு வந்ததே கோபம். "எங்க அண்ணன் குடுத்ததுன்னா உங்களுக்கு எல்லாமே மங்கலாத்தான் தெரியும்" என்றாள். மகளைக் கேட்டேன். அவள் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பளிச்சுன்னு இருக்குப்பா" என்றாள். இரண்டு பேரும் ரசித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் எப்படி மறுபடி கேட்பேன்? அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் உட்கார்ந்து, எதுவும் சரியாகத் தெரியாமலே, அவர்கள் சிரிக்கும்போது சிரித்தேன்.

என் அப்பாவைப் பற்றி உங்களுக்கு அதிகம் தெரியாது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவருக்குப் பார்வை முழுதாகப் போய்விட்டது. அது ஒரே நாளில் போகவில்லை. என் இப்போதைய வயதில்தான் அவருக்கு ஆரம்பித்திருக்கிறது. அவர் அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. "இந்த பல்பு சரியில்ல, மாத்து" என்பார். மாற்றுவோம். புது பல்பும் சரியில்லை என்பார். அம்மா சலித்துக்கொள்ளாமல் மாற்றிக்கொண்டே இருந்தாள். கம்ப்யூட்டரைக் குறை சொல்ல நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் என் காதில் அவர் குரல் கேட்கிறது. அதனால் மூடிக்கொள்கிறேன்.

வீட்டில் படம் தெரியாமல் போனால் யாருக்கு என்ன நஷ்டம்? என் வேலை அப்படிப்பட்டதில்லையே. கப்பலிலிருந்து கன்டெய்னர் இறக்கும் கிரேனில், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறேன். காலுக்கு அடியிலும் கண்ணாடி. அதன் வழியாகக் குனிந்து பார்த்துத்தான், பெட்டியின் நான்கு மூலைத் துளைகளிலும் கொக்கிகள் சரியாக உட்காருகின்றனவா என்று உறுதி செய்ய வேண்டும். ஒரு மூலை உட்காராமல் தூக்கினால் பெட்டி சரியும். கீழே ஆட்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கும் வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மேலே இருக்கும்போது தெரிகிறதா என்று கேட்டால், தெரிகிறது. ஆனால் தெரிகிறதா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டால் எதுவும் நிச்சயமாகத் தெரிவதில்லை. ஒரே மூலையை இரண்டு தடவை, மூன்று தடவை பார்க்கிறேன். மேற்பார்வையாளர் ரேடியோவில், "என்ன அண்ணே, தூங்கிட்டீங்களா?" என்கிறார். இந்த மாதம் முடிந்ததும் எங்களுக்கு வருடாந்தரக் கண் சோதனை வருகிறது. அதில் தோற்று, எல்லாருக்கும் முன்னால் இறங்குவதற்குப் பதிலாக, நானாகவே கிடங்குப் பக்கம் மாற்றல் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளரிடம் சொல்லப்போகிறேன். வெளியில் ஒரு டாக்டரைப் பார்க்கலாமே என்பீர்கள். எனக்குத் தைரியம் இல்லை மச்சான். அவர் வாயால் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும்.

ஓர் உதவி மட்டும் வேண்டும். நான் கிரேனை விட்டு இறங்கியதும் உங்கள் தங்கை காரணம் கேட்பாள். என்னால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நீங்கள் பக்குவமாகச் சொல்லுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூன் 15, சனி (கூரியரில்)

மாப்பிள்ளை,

அந்த மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை பேசாதீர்கள். முதலில் இந்தக் கடிதத்தை முழுதாகப் படியுங்கள்.

நீங்கள் பாட்டுக்கு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள். எனக்கு இங்கே கை கால் ஓடவில்லை. கோபத்தில் வாய்க்கு வந்ததை எழுதினால் அதை இப்படியா பிடித்துக்கொள்வது? உங்கள் முதல் கடிதத்தைத் தேடி எடுத்து மறுபடி படித்தேன். "சரியான கண் உள்ள ஓர் ஆள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு அது என் கண்ணில் படவே இல்லை. அப்படியானால் யாருக்குக் கண் தெரியவில்லை, சொல்லுங்கள்.

இப்போது நிதானமாகச் சொல்கிறேன். இந்த வழக்கில் உங்களுக்கு எதிராக இரண்டே சாட்சிகள். ஒன்று என் தங்கை. இன்னொன்று என் மருமகள். என் விஷயத்தில் என் தங்கை வாயிலிருந்து உண்மை வரும் என்று யார் உங்களுக்குச் சொன்னது? சின்ன வயதில் நான் வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டுத் திரும்ப மாட்டினேன். அதிலிருந்து புகை வந்தது. பாட்டு வரவில்லை. அப்பா பெல்ட்டோடு வந்து நின்றபோது இவள், "இல்லப்பா, அண்ணன் நல்லா ரிப்பேர் பண்ணியிருக்கான், இப்ப சத்தம் கம்மியா அழகா கேக்குது" என்றாள். சத்தமே இல்லாத ரேடியோவுக்கு! அவள் அப்படிப்பட்ட தங்கை. மருமகளோ, அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கன்டெய்னர் மூலையை மூன்று தடவை பார்க்கிற மனிதர், அந்தப் பார்வையை ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டாமா?

அதனால் யாரையும் கேட்காதீர்கள். நான் சொல்வதைச் செய்யுங்கள். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து ஒரு படத்தைப் போடுங்கள். ஒரு முகம் பெரிதாக வரும் இடத்தில், டிவி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுங்கள். கம்ப்யூட்டரில் கூட்டக்கூடாது, டிவி ரிமோட்டில். திரையின் ஓரத்தில் ஓர் எண் வரும். அந்த எண்ணைப் பாருங்கள். பிறகு முகத்தைப் பாருங்கள்.

படம் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது. அந்த எண்ணை டிவி தானாகப் போடுகிறது. கம்ப்யூட்டருக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. இரண்டும் ஒரே திரையில், ஒரே தூரத்தில் இருக்கின்றன. இரண்டும் மங்கலாகத் தெரிந்தால், நான் அடுத்த பஸ்ஸில் வந்து உங்களை நானே டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். எண் மட்டும் கூர்மையாகத் தெரிந்தால், உங்கள் கண் கண்தான், நான் கொடுத்ததுதான் ஓட்டை டப்பா.

ஆயுசில் முதல் தடவையாக, நான் கொடுத்த சாமான் பழுதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மச்சான்


ஜூன் 19, புதன்

அன்புள்ள மச்சான்,

உங்கள் கம்ப்யூட்டர் ஓட்டை டப்பா.

இதை எழுத எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்று உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை கூரியர் வந்தது. சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். உங்கள் தங்கை உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் கூடத்துத் தரையில் கவிழ்ந்து படுத்து எதையோ வரைந்துகொண்டிருந்தாள். நான் சோபாவில் உட்கார்ந்து, கையில் கிடைத்த ஒரு படத்தைப் போட்டேன். கதாநாயகி அழுகிற இடம் வந்தது. திரை முழுக்க முகம், ஆனால் கண்ணீர் எங்கே, கன்னம் எங்கே என்று தெரியாத அந்தப் பழைய மாவு முகம்தான். ரிமோட்டை எடுத்தேன்.

சத்தத்தைக் கூட்டினேன். எண் வந்தது: 18.

மச்சான், அதன் ஓரங்களை நான் பார்த்தேன். ஒன்று நேராக நின்றது. எட்டின் உள்ளே இருந்த இரண்டு வளையமும் தனித்தனியாக இருந்தன. பக்கத்திலேயே அந்த முகம் கரைந்துபோய்க் கிடந்தது. எண் சீக்கிரம் மறைந்துவிட்டது. நம்ப முடியாமல் இன்னொரு தடவை கூட்டினேன். பிறகு இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவை எண் வரும்போதும் ஏதோ குழந்தையைப் பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். குறைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அதற்குள் படத்தில் அழுகை முடிந்து அடிதடி ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. மாடி வீட்டுக்காரர் தரையைத் தட்ட ஆரம்பித்தார்.

"என்ன ஆச்சு உங்களுக்கு? காது கேக்கலியா?" என்று உங்கள் தங்கை ஓடி வந்தாள்.

"காதும் கேக்குது, கண்ணும் தெரியுது!" என்று கத்தினேன். சத்தத்தைக் குறைக்காமலேயே, "இங்க வா. இந்த நம்பரப் பாரு. இப்ப இந்த மூஞ்சியப் பாரு. ரெண்டும் ஒண்ணா இருக்கா? உண்மையச் சொல்லு" என்றேன்.

அவள் திரையைப் பார்த்தாள். ரிமோட்டைப் பிடுங்கிச் சத்தத்தைக் குறைத்தாள். தரையிலிருந்து மகள் தலையைத் தூக்கி, "அப்பா, எனக்கு மொதல்லேர்ந்தே மங்கலாத்தான் தெரியுது. அம்மாதான், அப்பா கேட்டா பளிச்சுன்னு இருக்குன்னு சொல்லுன்னாங்க" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி வரையக் குனிந்துவிட்டாள். இத்தனை மாதமாக என் உயிரை வாங்கிய விஷயம் அவளுக்கு அவ்வளவுதான்.

"நீங்க மங்கலா இருக்குன்னு சொல்லுவீங்க, அது அண்ணன் காதுக்குப் போகும், மறுபடியும் ரெண்டு பேரும் முட்டிக்குவீங்க," என்றாள் உங்கள் தங்கை. "ஏற்கெனவே பேச்சு வார்த்தை இல்ல. இதுவும் சேர்ந்தா அப்புறம் எனக்குப் பொறந்த வீடே இல்லாமப் போயிடும். ஒரு படம் மங்கலாத் தெரிஞ்சா என்ன ஆயிடப்போகுதுன்னு நெனச்சேன். கதை புரியுதுல்ல?"

என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அப்பாவைப் பற்றி, ஒரே மூலையை மூன்று தடவை பார்ப்பதைப் பற்றி, வெள்ளிக்கிழமை சொல்ல இருந்ததைப் பற்றி. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இத்தன நாளா கண்ணு போயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டா அந்த உயரத்துல போயி உக்காந்தீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று என்னை அடிக்கவே வந்தாள். அடித்தாள் என்றும் சொல்லலாம். தோளில் இரண்டு விழுந்தது. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

உங்களுக்குக் கடிதம் எழுதியதையும் சொல்லிவிட்டேன். "எழுத்துல பேசிக்கிறீங்களா ரெண்டு பேரும்! அப்ப நான் மட்டும் எதுக்கு ஊமை மாதிரி நடிச்சேன்?" என்றாள். இதற்கு நீங்களே பதில் எழுதுங்கள்.

மேற்பார்வையாளரிடம் எதுவும் சொல்லப்போவதில்லை. ஆனாலும் ஒரு பயம் இன்னும் பாக்கி இருக்கிறது. படம்தான் மங்கல் என்று தெரிந்துவிட்டது. அதற்காக என் கண் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாதே. சோதனை ஜூலை ஒன்றாம் தேதி.

சரி, இப்போது உரிமையோடு கேட்கிறேன். இந்த டப்பாவை எப்படிச் சரி செய்வது?

உங்கள் மாப்பிள்ளை


ஜூன் 22, சனி

மாப்பிள்ளைக்கு,

"உங்கள் கம்ப்யூட்டர் ஓட்டை டப்பா" என்ற வரியைப் படித்துவிட்டுக் கடையில் எழுந்து நின்றுவிட்டேன். எதிரில் இருந்த வாடிக்கையாளர், "என்ன சார், லாட்டரியா?" என்று கேட்டார். போன உயிர் வந்தது என்று சொன்னால் அவருக்கு என்ன புரியும்? அவருக்கு ஒரு மவுஸ் இலவசமாகக் கொடுத்தேன்.

இனி வைத்தியம். பொறுமையாகச் செய்யுங்கள், தங்கையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கோளாறு என்னுடையது. அனுப்புவதற்கு முன்னால் அந்தக் கம்ப்யூட்டரைக் கடையில் ஒரு குட்டித் திரையில் மாட்டிச் சோதித்தேன். படத்தின் அளவை அந்தத் திரைக்குத் தகுந்தாற்போலச் சின்னதாக வைத்தவன், மாற்றாமலே பெட்டியில் கட்டிவிட்டேன். தலையணை உறையைக் கட்டிலுக்கு விரிப்பாக இழுத்துக் கட்டினால் எப்படி இருக்கும்? உங்கள் பெரிய டிவியில் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. திரையில் காலியான இடத்தில் வலது பக்க பட்டனை அழுத்தினால் டிஸ்ப்ளே செட்டிங் என்று வரும். அதில் ரெசொல்யூஷன் என்பதைத் திறந்து, இருப்பதிலேயே பெரிய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே "பரிந்துரை" என்று போட்டிருக்கும். பாதி வியாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது கோளாறு என் தங்கையுடையது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் டிவிக்குப் போகும் கேபிள் நுழைகிற மாதிரி இரண்டு ஓட்டை இருக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே இருப்பது நான் தனியாகக் காசு போட்டு வைத்த கிராபிக்ஸ் கார்டுடையது, படம் ஓட்டுவதற்கென்றே உள்ளது. நான் போனில், "கீழ இருக்கறதுல மாட்டு" என்று சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் நிச்சயமாக மேலே மாட்டியிருப்பாள். பெட்டியைத் தலைகீழாக வைத்துக்கொண்டு மாட்டினாளோ என்னவோ. அதனால்தான் ஓடுகிறவன் பின்னால் நிழல் ஓடுகிறது. கேபிளைக் கழற்றிக் கீழே மாட்டுங்கள்.

மூன்றாவது, எங்கேயோ ஆஃபரில் வாங்கிய உங்கள் டிவியுடையது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமில்லை. படத்தை மெழுகு போல ஆக்குகிற ஒரு சேட்டை அதற்குள் இருக்கும். ரிமோட்டில் பிக்சர் என்ற பகுதிக்குப் போய், இரைச்சலைக் குறைக்கிறேன், வழுவழுப்பாக்குகிறேன் என்று என்னென்ன எழுதியிருக்கிறதோ அத்தனையையும் அணைத்துவிடுங்கள். மாவு முகம் போய்விடும்.

இவ்வளவு செய்தும் ஒரு படம் மட்டும் மங்கலாக இருந்தால் அந்தப் படத்தின் கோப்பு எவ்வளவு பெரிது என்று பாருங்கள். ஒரு முழுநீளப் படம் பத்துப் பாட்டு அளவுக்குத்தான் இருக்கிறது என்றால், அதன் பெயரில் ஹெச்டி என்று எழுதியவனை நம்பாதீர்கள்.

என் தங்கை ஏன் ஊமையாக நடித்தாள் என்று கேட்டிருந்தீர்கள். நாம் இரண்டு பேரும் வீம்பு பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம். நடுவில் இருந்தவள் அவள். எனக்கு டிவி ஒரு பொருட்டே இல்லை மாப்பிள்ளை. உங்களுக்கு ஒன்று தேவைப்பட்டபோது என்னைக் கேட்கவில்லையே என்றுதான் அடித்துக்கொண்டது. இப்போது தேவைப்பட்டபோது என்னிடம் கேட்டீர்கள். என் மனதில் இனி ஒன்றும் இல்லை.

சோதனைக்குத் தைரியமாகப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், தங்கையைக் கூட்டிக்கொண்டு போங்கள். எதுவாக இருந்தாலும் உடனே தெரியப்படுத்துங்கள். அன்றைக்கு நான் கடையைத் திறக்கப்போவதில்லை.

உங்கள் மச்சான்


ஜூலை 2, செவ்வாய்

அன்புள்ள மச்சான்,

நேற்று சாயங்காலம் உங்கள் தங்கை போனில் எல்லாம் சொன்னாள். நீங்கள் இரண்டு பேரும் பேசியதை உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் ஒரு பகுதியைச் சொல்லாமல் விட்டுவிட்டாள். அதை எழுதத்தான் இது.

முதலில் கம்ப்யூட்டர். நீங்கள் சொன்னபடியே எல்லாம் செய்தோம். கேபிள் மேலேதான் மாட்டியிருந்தது. "அண்ணன் மேலன்னுதான் சொன்னான்" என்று அவள் இன்னும் சாதிக்கிறாள், அதை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள். படம் இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்லட்டுமா? எங்களுக்கு மிகவும் பிடித்த அந்தப் பழைய நடிகரின் படத்தைப் போட்டோம். அவர் நெற்றியில் விக் ஒட்டிய பசை வரி தெரிகிறது. உங்கள் தங்கை மனமுடைந்துவிட்டாள். "எவ்வளவு அழகா இருந்தாரு, அண்ணன் கெடுத்துட்டான்" என்கிறாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இனி நேற்றைய கதை. எங்கள் மருத்துவ அறையில் ஒரு நீளமான சுவர். ஒரு முனையில் எழுத்துப் பலகை, இன்னொரு முனையில் நாற்காலி. குடும்பத்தாரை உள்ளே விடமாட்டார்கள், உங்கள் தங்கை எப்படியோ பேசி உள்ளே வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். டாக்டர் ஒரு கண்ணை மூடச் சொன்னார். முதல் வரி பெரிய எழுத்து, படித்தேன். இரண்டாவது வரிக்கு வருவதற்குள் என் காதுக்குப் பின்னால் மெதுவாக ஒரு குரல் அந்த எழுத்துகளைச் சொல்லிக் கொடுக்கிறது! பரீட்சையில் பக்கத்துப் பையனுக்குச் சொல்லித் தருவது போல. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் கேட்டுவிட்டார். "அம்மா, டெஸ்ட்டு அவருக்கா உங்களுக்கா?" என்று அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார்.

கதவு சாத்தியதும் எனக்குச் சிரிப்பு போய்விட்டது. இப்போது யாரும் எனக்காக எதையும் பளிச்சென்று இருக்கிறது என்று சொல்லப்போவதில்லை. நான்தான் பார்க்க வேண்டும். வலது கண்ணால் மூன்றாவது வரி, நான்காவது வரி படித்தேன். அதற்குக் கீழே எழுத்துகள் கடுகு போல ஆகிவிட்டன. பயந்துகொண்டே பார்த்தேன், தெரிந்தது. டாக்டர் தாளில் எழுதிக்கொண்டே, "சத்தமா சொல்லுங்க" என்றார். சத்தமாகச் சொன்னேன். பிறகு இடது கண். ஒவ்வொரு எழுத்தையும் கப்பலில் இருப்பவனுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "போதும் சார், தூரப் பார்வை நல்லா இருக்கு. புஸ்தகம் படிக்க மட்டும் ஒரு கண்ணாடி போட்டுக்கங்க, வயசாகுதுல்ல" என்றார். கண்ணுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அந்த மாதிரி எதுவும் இல்லை, வருடத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்றார்.

என் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கதவைத் திறந்தேன்.

உங்கள் தங்கை கதவை ஒட்டினாற்போல் நின்றுகொண்டிருந்தாள். முந்தானை முழுக்க நனைந்திருந்தது. என்ன ஆச்சு என்று அவள் கேட்கவில்லை. நான் சான்றிதழை நீட்டினேன், அதையும் வாங்கவில்லை. கதவுக்கு எதிர்ச் சுவரில், உள்ளே இருந்ததைப் போலவே இன்னொரு எழுத்துப் பலகை தொங்கியது. நான் உள்ளே சொல்லச் சொல்ல, இவள் வெளியே நின்று அந்தப் பலகையில் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்திருக்கிறாள்.

"ஒண்ணுகூடத் தப்பு இல்ல," என்றாள். "இத நான் பொய் சொல்லல."

உங்கள் மாப்பிள்ளை